யாரையும் முன்னால் நிற்க வைக்காதவர்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஞானமுத்து ஐயர் காலமானதிலிருந்து நம் சபையின் இணையப் பக்கத்தில் எழுதிக் குவிக்கிறீர்கள். அன்பே உருவானவர் என்கிறீர்கள், சாந்தசொரூபி என்கிறீர்கள், ஒருவரையும் கடிந்து பேசியதில்லை என்கிறீர்கள். யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. நான் அறிந்த ஐயர் காபி ஆறிப்போயிருந்தால் முகத்தைச் சுளிப்பார். பாடகர் குழு சுருதி தப்பினால் பலிபீடத்தின் முன்னாலிருந்தே திரும்பி முறைப்பார். என்னோடு நான்கு ஆண்டுகள் சண்டை போட்டார். சண்டையை முடிக்காமல் போய்விட்டார்.

செய்தி வந்தபோது சிதம்பரத்தில் கல்லூரித் தேர்வறையை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். அழைத்தவர் நம் சபைச் செயலாளர். அவரும் நானும் பேசி வருடக்கணக்காகிறது.

"புரொபசர் சார், ஐயர் போயிட்டாரு. காலையில பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்டியே ஒக்காந்துட்டாரு. நாளைக்கி அடக்கம். வருவீங்களா, மாட்டீங்களா?"

வருவீங்களா என்று மட்டும் கேட்டிருக்கலாம். 'மாட்டீங்களா' என்பதையும் எதற்காகச் சேர்த்தார்? கீழ வீதியில் நடந்துகொண்டே வெகுநேரம் அதையே யோசித்தேன். ஐயர் இறந்ததை அதற்குப் பிறகுதான் யோசித்தேன். நான் அப்படிப்பட்டவன்தான்.

வெளியார் யாராவது இதைப் படித்தால் குழம்ப வேண்டாம். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்று அழைப்பது தலைமுறைப் பழக்கம். அவர் கடலூருக்கு மாற்றலாகி வந்தது சுனாமி வருடத்தில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு ஆராதனை நடுவில், கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ வாசலில் கத்தினார்கள். ஆசீர்வாதம் சொல்லாமலே ஆராதனையை நிறுத்திவிட்டு அங்கியோடு தெருவில் இறங்கியவர் அவர். ஆசீர்வாதம் சொல்லாதது முறைகேடு என்று சபைச் சங்கத்தில் பிறகு ஒருவர் குறை சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் பெயரும் நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் அரிசி மூட்டைகளோடு தேவனாம்பட்டினம் போனோம். மூட்டைக்கு ஒன்றாகத் துண்டுப் பிரசுரம் வைக்க வேண்டும் என்றார் செயலாளர். மனுஷனுடைய பாவமும் கடவுளுடைய கோபமும் பற்றிய பிரசுரம். ஐயர் அந்தக் கட்டை வாங்கி வேனில் தம் இருக்கைக்கு அடியில் போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே மனைவியைக் கடலுக்குக் கொடுத்த ஒருவர், எங்கள் சாமியைக் கும்பிடாதவர், ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இன்னா பாவம் செஞ்சேன் சாமி? சொல்லுங்க, இன்னா செஞ்சேன்?"

"நான் செஞ்சதைத்தான்யா நீயும் செஞ்சிருப்ப. நான் மேட்டுல குடியிருக்கேன், நீ கரையில குடியிருக்க. அவ்ளோதான் வித்தியாசம்."

அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு ஐயரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஒக்காருங்க சாமி" என்று ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டார்.

சேத்தியாத்தோப்பில் நமக்கு ஒரு கிளைச் சபை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஐயர் அங்கே போவார். ஒருமுறை நானும் துணைக்குப் போனேன். போகும் வழியில், மதியம் வடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறு போடும் தருமசாலைப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். போதகருக்குரிய வெள்ளைக் கழுத்துப் பட்டையோடு! யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று நான் நெளிந்தேன்.

"புரொபசரே, சோறு போடுறவன் உன்ன யாருன்னு கேட்டானா?"

"இல்லை."

"குளிச்சியா, ஜபிச்சியா, போன வாரம் யார் குடியக் கெடுத்தன்னு கேட்டானா?"

"இல்லை ஐயரே, சாப்பிடுங்க."

"நம்ம கோயில்ல கேக்குறோம்பா" என்றார், சாம்பாரைப் பிசைந்தபடி. "கிருபை, கிருபைன்னு பாட்டு நம்மளுது. பந்தி இவுங்களுது."

அன்று சிரித்தேன். பிறகு அந்தப் பேச்சு என் வீட்டு வாசலுக்கே வரும் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரே தங்கை. பள்ளிக்கூட ஆசிரியை. அவளைக் கட்டியவன் அவளை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தினான். தங்கைக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தவன் நான். கடைசி வாரங்களில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், "அவுரு வந்தாரான்னு பாருண்ணா" என்பாள். பார்த்துவிட்டு வந்து இல்லை என்று சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. அவன் வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. மறுவருடம் ஒரு ஞாயிறு, தாடியும் மெலிந்த உடம்புமாக நம் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

நம் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊரறியப் பாவம் செய்தவன் ஊரறிய நிற்க வேண்டும். திருவிருந்து ஞாயிறன்று பலிபீடப் படியில் சபையைப் பார்த்து நின்று, ஐயர் கேட்கக் கேட்க, ஆம் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அப்பமும் திராட்சை ரசமும். சபைச் சங்கம் கூடியபோது நானும் உறுப்பினன். அவன் நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். ஐயர் மட்டும் முடியாது என்றார்.

"எனக்கு முந்தி இருந்த ஐயர் காலத்துல ஒரு பொண்ணு நின்னுச்சாமே, வேற மதத்துப் பையனக் கட்டிக்கிட்டதுக்கு" என்று செயலாளரைக் கேட்டார்.

"ஆமாங்க. நின்னுச்சி. முறைப்படி சேத்துக்கிட்டோம்."

"அப்பறம் கோயிலுக்கு வந்துச்சா?"

செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார். "வரலீங்க."

"அப்ப நிக்க வச்சி சேத்தீங்களா, நிக்க வச்சி அனுப்புனீங்களா?"

நான் எழுந்துவிட்டேன். "அந்தப் பொண்ணு வேற, இவன் வேற. இவன் நிக்கட்டும் ஐயரே. அவ படுத்துக் கெடந்ததப் பாத்த சனம் இவன் நிக்கிறதையும் பாக்கட்டும்."

"நின்னா ஒன் தங்கச்சி வந்துருமா?"

"வரமாட்டா. எனக்குத் தூக்கம் வரும்."

"அப்ப ஒனக்கு வேண்டியது தூக்க மாத்திரை. அதுக்கு மெடிக்கல் ஷாப் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். யார் என்பதும் எனக்குத் தெரியும். நான் விடவில்லை. விசுவாசம் ஒன்றே போதும், செய்த செயலுக்குக் கேள்வியில்லை என்றால் எவனும் எதையும் செய்துவிட்டுக் கடைசியில் வந்து மண்டியிடலாமே என்று கேட்டேன். அறிவுள்ள எவனும் கேட்க வேண்டிய கேள்வி அது. இன்றும் அதில் தவறு காணவில்லை.

"வந்துடலாம்" என்றார் ஐயர். "ஜாஸ்தி பேரு வர மாட்றாங்களேங்கிறதுதான் என் கவலை. அவன் என்கிட்ட தனியா ஒக்காந்து சொன்னான். அழுதுக்கிட்டே சொன்னான். நான் மன்னிப்ப அறிவிச்சிட்டேன். அறிவிக்கிறதுதான் என் வேலை. குடுக்குறது நானில்ல, கமிட்டியுமில்ல."

"தங்கச்சிகிட்ட கேட்டானா?"

ஐயர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. இதைப் படிக்கும் நீங்களும் அவசரப்பட்டு ஒரு பதிலைத் தர வேண்டாம்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று நடந்தது பலருக்குத் தெரியும், தப்பாகத் தெரியும். பந்தி பந்தியாகத்தானே போய்ப் பலிபீடத்தின் முன்னுள்ள கிராதியில் மண்டியிடுவோம். நான் கண்ணை மூடி இருந்தேன். பக்கத்தில் யாரோ மண்டியிட்டார்கள். கண்ணைத் திறந்தபோது தாடி தெரிந்தது. பந்தி பிரிக்கும் உபதேசியார் வேண்டுமென்று செய்தாரோ, கவனிக்காமல் செய்தாரோ. ஐயர் அப்பத் தட்டோடு என் முன்னால் வரும்போது எழுந்து, நடுவழியே நடந்து, வாசலைத் தாண்டிவிட்டேன். கிராதியிலிருந்து வாங்காமல் எழுந்து போவது நம் சபையில் எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியும். அவன் அருகில் வாங்குவது அதைவிடப் பெரிய காரியமாக எனக்குப் பட்டது. ஐயர் என்னைக் கூப்பிடவில்லை. அடுத்தவருக்குக் கொடுத்தார். அடுத்தவர் அவன்.

அதன் பிறகு நான் கோயிலுக்கு வரவில்லை. ஐயர்தான் வந்தார். சேத்தியாத்தோப்பு ஆராதனை முடிந்ததும் கடலூர் திரும்பாமல் சிதம்பரத்துக்கு பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவார். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுபோகும் சின்னப் பெட்டி ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். அதை மேஜைமேல் வைப்பார். காபி கேட்பார். கல்லூரி அரசியலைக் கேட்பார். துறைத் தலைவர் பதவியை எனக்குத் தராமல் ஒரு ஜால்ராவுக்குத் தந்த கதையை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டு, "ச்சே, அயோக்கியப் பயலுவ" என்பார். பெட்டியைத் திறக்கட்டுமா என்று ஒருமுறைதான் கேட்டார்.

"அவன் வாய் வச்ச கிண்ணம் எனக்கு வேணாம்" என்றேன்.

"என்கிட்ட கிண்ணம் ஒண்ணுதான் இருக்கு புரொபசரே. ஆளுக்கு ஒண்ணு குடுத்து அனுப்பல" என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

கடைசியாக வந்தது புயலடித்த சில வாரங்களுக்குப் பிறகு. அப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துகிடந்த தோப்புகளில் ஓட்டை வீடுகளுக்குத் தார்ப்பாய் கொண்டுபோய்க் கொடுத்து அலைந்திருக்கிறார். இருமிக்கொண்டே இருந்தார். அவர் களைத்திருந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. நான் அவனை மன்னிக்கும்வரை இப்படியே வந்து என் உயிரை வாங்கப்போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன்.

ஐயருக்கும் கோபம் வந்தது. "யார்யா ஒன்ன மன்னிக்கச் சொன்னது? இத்தன வருசத்துல ஒரு நாளு சொல்லியிருக்கேனா? அவன மன்னிச்சாத்தான் ஒனக்குக் கிருபைன்னா, அதுவும் ஒரு கூலிதான். கூலி குடுக்கிற எடத்துல நான் வேல செய்யல. காபிக்கி வர்றேன். வரலாமா, வேணாமா?"

"வாங்க" என்றேன். அதன் பிறகு வரவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் செயலாளர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். வழக்கம்போல் சண்டைக்கு என்று நினைத்தேன்.

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன் சார். நீங்க கிராதிய விட்டு எழுந்து போனீங்களே, அது சபைக்கு அவமானம், நீங்களும் முன்னால நிக்கணும்னு கமிட்டி சொல்லிச்சி. நான்தான் சொன்னேன், மறைக்கல. ஐயரு ஒத்துக்கல. 'அவனையும் நிக்க வைக்க மாட்டேன், இவனையும் நிக்க வைக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்'ன்னுட்டாரு. ரெண்டு பேரு பேரும் சபையில அப்டியேதான் இருக்கு. என்னைக்கி வேணாலும் வந்து வாங்கலாம்."

அவர் இதை நல்ல மனதோடுதான் சொன்னார். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டமா? கட்டிய மனைவியைச் சாக விட்டுப் போனவனுக்கும், அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி படியேறியவனுக்குமா? நான் கேட்கவில்லையே. யாரைக் கேட்டு எனக்கு அதைக் கொடுத்தார்? இத்தனை வருடம் அவனோடு ஒரே குடையின் கீழ் நின்றிருக்கிறேன். மழை என்மேல் படாததை என் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மண் போடும்போது அவன் எதிரில் நின்றான். தாடி நரைத்துவிட்டது. போட்டு முடித்ததும் அருகில் வந்து, "மச்சான், சாப்ட்டீங்களா?" என்றான். நான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். சிதம்பரம் வரும்வரை உட்கார முடியாமல், இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐயரிடமிருந்து எனக்கு மிஞ்சியது சமாதானம் அல்ல. அதை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு மிஞ்சியது, கேட்காமல் கொடுக்கப்பட்டுத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாத ஒன்று. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் இருந்தால் கேட்டுச் சண்டை போட்டிருப்பேன்.

இதை முதலில் எழுதியபோது அந்த ஆளின் பெயரையும் அவன் வேலை செய்த அலுவலகத்தையும் எழுதியிருந்தேன். கீழே என் பெயரையும் பட்டங்களோடு போட்டிருந்தேன். பழைய குடும்பங்களுக்கு எங்கள் கதை தெரியும். சுனாமிக்குப் பிறகும் அண்மையிலும் சபைக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. அவன் இப்போது அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பாட்டின் எண் தெரியாதவர்களுக்குப் பக்கம் எடுத்துக் கொடுக்கும் பலரில் ஒருவனாம். என் பெயர் இதன் கீழே இருந்தால், அவன் யாருடைய கணவன் என்று ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு அவன் கோயிலுக்குள் வரும்போது அத்தனை பெஞ்சும் திரும்பும்.

நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் கீழே கருத்து எழுத வேண்டாம். மன்னிக்கவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்ததோடு இருங்கள். அவன் பெயரை எடுத்துவிட்டேன். என் பெயரையும் எடுத்துவிட்டுப் பதிவிடுகிறேன்.