கழுத்து உச்சியில் ஒரு மாத்திரை

கோழிக்கறி ஆலையில் கத்திக்காரருக்குப் பதினோரு வருடப் பழக்கம். கொழுப்பு மட்டும் இன்னும் பழகவில்லை. சேவலின் வயிற்றைக் கிழித்தால் மஞ்சளாகக் கொழகொழவென்று வழியும், முழங்கைவரை அப்பிக்கொள்ளும், எத்தனை சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. அந்தக் கையால் சோறு பிசையவே அவருக்குக் குமட்டும்.

சேவலுக்கு ஏது இவ்வளவு கொழுப்பு? பெட்டைக் கோழியின் உடம்பில் ஊறும் ஒரு சுரப்பு, முட்டைக்கென்று கொழுப்பைச் சேர்த்து வைக்கும். அதையே அரிசி அளவு மாத்திரையாக்கிச் சேவலின் தோலுக்கடியில் செருகிவிட்டால், அது கூவலையும் சண்டையையும் மறந்து, தின்று தின்று மூலையில் உட்கார்ந்து ஊதிப்போகும். கரையாத மிச்சம் கறியோடு போகக் கூடாது அல்லவா, அதனால் கழுத்தின் உச்சியில், தலையை ஒட்டிச் செருகுவார்கள். தலையும் கழுத்தும் கழிவு. ஐந்து வருடமாக அந்தக் கழிவை வேலையாட்கள் சும்மாவே எடுத்துப்போகலாம். ஆலைக்கு அவ்வளவு தாராள மனசு!

கத்திக்காரர் தினமும் ஒரு பை கொண்டுபோவார். மனைவி மிளகு போட்டுக் கொதிக்கவைப்பாள்.

கல்யாணமாகி நாலு வருடம், வீட்டில் தொட்டில் ஆடவில்லை. அவர் அக்கா வந்தபோதெல்லாம் மனைவியைத்தான் குத்திக்காட்டினாள். அவளும் கண்ட கஷாயத்தையும் குடித்தாள். இந்த வருடம் அவருக்கே மார்பு வீங்கி, சட்டை உரசினாலும் வலித்தது. "என்னண்ணே, உங்களுக்கும் மாத்திரை செருகிட்டாங்களா?" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அன்று மதியச் சாப்பாட்டில் பல்லில் ஏதோ நறுக்கென்றது. எடுத்துப் பார்த்தார். வெள்ளையாக, பாதி கரைந்த மாத்திரை. அவர் தின்ற அத்தனையும் வெளியே வந்தது. முகம்கூடக் கழுவாமல் மேனேஜர் அறைக்குப் போய் அதை மேசைமேல் வைத்தார்.

மேனேஜர் முகம் சுளித்தார். "சரிண்ணே, நாளையிலேருந்து எடுத்துட்டுப் போகாதீங்க."

"இது மனுஷனுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"யாருண்ணே கண்டா? முன்னாடி பன்றிப் பண்ணைக்குத்தான் அனுப்பிட்டிருந்தோம். பன்றி சினை பிடிக்கலைன்னு அவங்க வேண்டாம்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் உங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சோம்."