நோட்டக்கா விடவில்லை

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் நோட்டக்கா. என்னைவிட மூன்று வயது இளையவர்தான். ஆனாலும் எனக்கும் அக்கா, மேனேஜருக்கும் அக்கா. வேலைத் தேர்வுகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்புகிற நிறுவனம் எங்களுடையது. புகார் சொல்பவர்களின் போனை எடுப்பது அவர் வேலை. புகாரைக் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டிலும் எழுதிக்கொள்வார். கேட்டால், "அதுல எழுதினா உங்களுக்குத் தெரியும். இதுல எழுதினா எனக்குத் தெரியும்" என்பார்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் கூரியர் கம்பெனியில், ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோனவர். மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் போய்விட்டது. வெல்டிங் பட்டறையில் இருக்கும் கணவர் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடச் சொன்னார், இங்கே வந்தார். ஆனால் மனுஷி எங்கே உட்கார்ந்தார்? எதிர்முனையில் யாராவது அழுதால் போதும், எழுந்து நின்றுதான் பேசுவார். அவர் வருவதைக் கண்டாலே நான் டீ குடிக்கக் கிளம்பிவிடுவேன். பணம் கட்டும் பகுதிக்கு புரோகிராம் எழுதிய இன்ஜினியர் நான். அவர் கேள்விகளெல்லாம் நேராக என் தலையில்தான் வந்து விழும்.

அன்று காலை பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்தார்.

"ஒரு நர்ஸம்மா. அடுத்த மாசத்தோட வயசு வரம்பு தாண்டிடும், இதுதான் கடைசித் தேர்வு. வீட்டுக்காரர் நேத்து பணம் கட்டியிருக்காரு. பேங்க்ல பணம் போயிடுச்சு, நம்மகிட்ட வரலைன்னு காட்டுது. இன்னிக்கு அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"திரும்பக் கட்டச் சொல்லுங்க. பழைய பணம் ஏழு நாள்ல தானா அவங்களுக்கே திரும்பிடும்" என்றேன். இது எங்கள் வழக்கமான பதில்.

"திரும்பக் கட்ட அவங்ககிட்ட காசு இல்ல. கட்டின பணம் எங்க போச்சு?"

"அவர் ஏதாவது தப்பா அழுத்தியிருப்பாரு அக்கா."

நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். இரண்டு மாதத்தில் இதே புகார், நாற்பத்தொரு பேர். "இத்தனை பேருமா தப்பா அழுத்தினாங்க?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நோட்டக்கா உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"பணம் கட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பணத்தை வாங்குகிற கம்பெனி எங்கள் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும், அதற்கு வெப்ஹுக் என்று பெயர் என்றேன். நாங்கள் 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரும்ப அனுப்பும். மூன்று நாள் விடாமல் அனுப்பும்.

"நல்ல ஏற்பாடாத்தானே இருக்கு. அப்புறம் எப்படித் தவறும்?"

காட்டுகிறேன் பேர்வழி என்று நான் எழுதியதைத் திறந்தேன். திறந்ததும் அந்த வரி கண்ணில் பட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு, திரும்பத் திரும்ப வந்த செய்திகளால் எச்சரிக்கைத் திரையெல்லாம் சிவப்பாக இருந்தது. மேனேஜர் கத்தினார். அதனால் பதிவானாலும் ஆகாவிட்டாலும் முதலில் 'கிடைத்தது' என்று சொல்லிவிடும்படி எழுதினேன். சிவப்பு போய்விட்டது. எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

நர்ஸம்மாவின் பணச்செய்தி, அவருடைய விண்ணப்பம் எங்களிடம் பதிவாவதற்கு அரை நொடி முன்னால் வந்திருந்தது. அப்படி ஓர் ஆளே இல்லை என்று சர்வர் ஒதுக்கிவிட்டது. வாய் மட்டும் 'கிடைத்தது' என்றது. இன்னொரு தடவை வந்திருந்தால் சேர்ந்திருக்கும். வரவிடாமல் செய்தவன் நான்.

மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன்.

"கூரியர்ல இப்படிக் கையெழுத்து வாங்கிட்டு பார்சலைக் குப்பையில போட்டா, அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பணப் பதிவைக் கையால் மாற்றத் தேர்வு அலுவலகம் விடாது. செய்தி வழியாகத்தான் வர வேண்டும். அதற்கு நான் எழுதியதைத் திருத்தியாக வேண்டும். விஷயம் கேள்விப்பட்டு மேனேஜர் வந்தார்.

"கடைசி நாளும் அதுவுமா ஓடிட்டிருக்கிறதுல கை வைக்காதீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அந்தம்மாவுக்கு நாளைக்கு இல்ல சார்" என்றார் நோட்டக்கா. குரலை உயர்த்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மேனேஜர் பக்கம் பார்க்கவில்லை.

"என்னவோ பண்ணித் தொலைங்க" என்று போய்விட்டார்.

பதிந்த பிறகே 'கிடைத்தது' சொல்லும்படி மாற்றினேன். ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால் இரண்டு பதிவு விழக்கூடாதே, அதனால் முன்பே வந்த செய்தியைத் தள்ளிவிடவும் எழுதினேன். சோதித்து முடிக்க நாலு இருபது ஆகிவிட்டது. பணக் கம்பெனியின் பக்கத்தில் போய், நர்ஸம்மாவின் செய்தியை மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

எதுவும் மாறவில்லை. நேற்றே ஒரு தடவை வந்த செய்தியாயிற்றே, 'முன்பே வந்தது' என்று என் புதுக் காவல்காரனே அதைத் துரத்திவிட்டான்.

"வந்துச்சு, சரி. முடிஞ்சுதா?" நோட்டக்கா தன் நோட்டைத் தட்டினார். அதில் இரண்டு பத்திகள்: வந்தது, முடிந்தது. "ரெண்டையும் ஒண்ணா எழுதினா எனக்கே குழம்பிடும்."

உடனே மாற்றினேன். முன்பே முடிந்ததை மட்டும் தள்ளு. நாலு ஐம்பத்திரண்டுக்கு மறுபடி அழுத்தினேன். 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது.'

நோட்டக்கா நர்ஸம்மா வீட்டுக்குப் போன் போட்டார். சந்தோஷமாகச் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், ஒரு வார்த்தை பேசாமல் போனை என் கையில் திணித்தார்.

"நீங்களே சொல்லுங்க."

"சார், உங்க மனைவியோட விண்ணப்பம் சேர்ந்திடுச்சு" என்றேன். நோட்டக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சரியாத்தான் கட்டினீங்க. தப்பு எங்களுது. நான் பண்ண தப்பு."

"நேத்துலேர்ந்து அவ எங்கிட்டப் பேசலைங்க" என்றார் அந்த மனிதர். "இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். அவளும் கேக்கட்டும், இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.