தூங்கும் தெருவை வகுத்தவர்

கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் ஃபிட்டராகப் பணியாற்றும் வீரராகவன், இரவு ஷிப்டு முடிந்து பகலில் நிம்மதியாகத் தூங்கிய நாள்கள் குறைவு. வாடகை வீட்டின் ஒருபுறம் மாவு மில், மறுபுறம் வெல்டிங் பட்டறை. ஒருமுறை வேலையிடத்திலேயே கண் அயர்ந்து, இடது சுண்டுவிரலின் நுனியை இழந்தார். அதன் பிறகே உடன் பணிபுரிவோர் முப்பத்தைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆரம்பாக்கத்துக்கு அருகே மனை வாங்கினார்.

அவர் வகுத்த குடியிருப்பில் மூன்று தெருக்கள். ஆலையின் மூன்று அணிகளும் வாரந்தோறும் ஷிப்டு மாறும். ஆகவே தெருவுக்கு ஓர் அணி என்று பிரித்தார். எந்த வாரத்திலும் ஒரு தெரு மட்டுமே பகலில் தூங்கும். அங்கே மிக்சி ஓடக் கூடாது. எவர் கதவையும் தட்டக் கூடாது. தூக்கம் கெட்டவருக்கே தோன்றக்கூடிய ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சினர்.

குடிவந்த ஆண்டின் ஐப்பசியில், ஒரு நண்பகல். முதல் தெரு ஆண்கள் ஆலையில் இருந்தனர்; இரண்டாம் தெருவினர் பிற்பகல் ஷிப்டுக்காக ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டனர். வீரராகவன் வசித்த மூன்றாம் தெரு உறங்கிக்கொண்டிருந்தது. கொட்டிய மழையில் முதல் தெரு வீடுகளுக்குள் முழங்காலளவு தண்ணீர் புகுந்தது. படுத்த படுக்கையாயிருந்த தன் மாமனாரை, அத்தெருவில் குடியிருந்த சுமலதாவும் அண்டை வீட்டுப் பெண்களும் கட்டிலோடு தூக்கி பெஞ்சுகளின் மேல் ஏற்றினர்.

நான்கு மணிக்கு விழித்த வீரராகவன் சுமலதாவின் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஏம்மா, ஒரு குரல் குடுக்கக் கூடாதா? பன்னெண்டு ஆம்பளைங்க தூங்கிக்கினு இருந்தோமே!"

"நீதான்ணா தட்டக் கூடாதுன்னு சொன்ன! உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். ஊட்டுக்குள்ள தண்ணி, வெளிய உன் ரூல்சு. இன்னா பேஜாரு இது!"

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் கூட்டத்தில், வீரராகவன் தம் ஏற்பாடு பிழை என்று தாமே எழுந்து சொன்னார். ஒவ்வொரு தெருவிலும் மூன்று அணியினரும் கலந்திருக்க வேண்டும் என்றார்.

"கட்டுன ஊட்ட எவன் நைனா மாத்துவான்?" என்றார் சுமலதாவின் பக்கத்து வீட்டு லோகு.

"நான் மாத்தறேன். உன் ஊட்டக் குடு, என் ஊட்ட எடுத்துக்கோ."

"தண்ணி பூந்த ஊடு அது!"

"அதான் கேக்கறேன்."

பொங்கலுக்குள் பன்னிரண்டு குடும்பங்கள் அவ்வாறே இடம் மாறின.

தேடிய அமைதி அவருக்கு இப்போது முழுமையாக வாய்ப்பதில்லை. இரவு ஷிப்டிலிருந்து வருபவர் ஆலை ஹெல்மெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் படுக்கிறார். அதைக் காண்பவர் குரலைத் தாழ்த்துகின்றனர். அவசரமென்றால் அதையே தட்டலாம். வானம் கறுத்தால், சுமலதா கரண்டியால் முதலில் தட்டுவது வீரராகவனின் ஹெல்மெட்டைத்தான். நுனியிழந்த விரலால் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இரண்டாம் தட்டுக்கு முன்பே அவர் வெளியே வந்துவிடுகிறார்.