சும்மாதான் ஓடுகிறேன்

போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். நிற்காமல்.

சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் உடம்பு லட்சணம் தெரியும். மாடிக்கு வடகம் காயப்போடப் போனாலே நடுப்படியில் ஒரு தடவை உட்கார்ந்து எழுகிறவள் நான். அப்படிப்பட்டவள் ஓடினேன் என்றால், அதற்குப் பின்னால் ஒரு அவமானம் இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது.

நாத்தனார் மகள் கல்யாணம், மதுரையில். மேடை மூன்றாவது மாடியில். லிஃப்ட் அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிட்டது. இரண்டாவது மாடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு முட்டி, கண் இருட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ சோடா கொண்டுவந்தார்கள். யாரோ தாம்பூலப் பையால் விசிறினார்கள். நான் தட்டுத்தடுமாறி மேலே போய்ச் சேர்ந்தபோது குடும்பப் போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். அது இப்போதும் நாத்தனார் வீட்டு ஹாலில் தொங்குகிறது. எல்லோரும் இருக்கிறார்கள்... என்னைத் தவிர. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனது படியில் உட்கார்ந்து சோடா குடிக்கவா?

வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் முடிவு செய்தேன். வருகிற மாசியில் எனக்கு ஐம்பது வயது. அதற்குள் ஐந்து கிலோமீட்டர் - ஒரு இடத்திலும் நிற்காமல் - ஓடிக் காட்டுவது. யாருக்கு? எனக்குத்தான்.

என் கணவர் அருப்புக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"அஞ்சு கிலோமீட்டரா? அதுக்குத்தான் வண்டி இருக்குல்ல" என்றார்.

ஆனாலும் மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டு வாசலிலிருந்து திருச்சுழி ரோட்டில் இருக்கிற ஒரு பஸ் ஸ்டாப் வரை மீட்டர் பார்த்து, சரியாக ஐந்து என்று வந்து சொன்னார். அதோடு அவர் வேலை முடிந்தது.

முதல் நாள் பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓடினேன். அந்த பங்க் எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே தெரியும். நான் ஓடித் திரும்பி வந்தபோது அவர் அதே காபியைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வாரம் ஒரு கிலோமீட்டர். மூன்றாம் வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நான்காம் வாரம் கருவேல முள் ஒன்று, புது ஷூவைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியது. அது ஆறியதும் செங்கல் சூளை நாய்கள் இரண்டு துரத்தின. அன்றைக்கு நான் ஓடிய வேகத்தை இன்றுவரை நானே முறியடிக்கவில்லை.

கால் வலியைக்கூடச் சமாளித்துவிடலாம். மனிதர்களை எப்படிச் சமாளிப்பது?

நம்ம பக்கத்தில் ஒரு பொம்பளை காலங்காத்தாலே ரோட்டில் ஓடினால் அர்த்தம் ஒன்றுதான். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது. பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம், ஆஸ்பத்திரிக்கு ஓடலாம், துட்டி கேட்க இழவு வீட்டுக்கு ஓடலாம். சும்மா ஓடலாமா?

பால் கேனோடு போன ஒருவர்தான் முதலில் வண்டியை நிறுத்தினார். "என்னக்கா, யாருக்கு என்ன? ஏறுங்க, கொண்டுபோயி விட்டுர்றேன்."

"ஒண்ணுமில்ல தம்பி, எக்சர்சைஸ்."

"அதெல்லாம் அங்க போயிப் பாத்துக்கிரலாம். மொதல்ல ஏறுங்க."

ஏறினேன். வேறு என்ன செய்ய? பதறிப்போய் நிற்கிற மனுஷனிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கிலோமீட்டரை நாலே நிமிஷத்தில் கடந்ததற்காக என் போனில் இருக்கிற ஓட்டக் கணக்கு ஆப் அன்றைக்கு என்னைப் பாராட்டியது.

இன்னொரு நாள் பஸ்ஸில் போன சொந்தக்காரர் ஒருவர் நான் ஓடுவதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருந்தாரா? போன் போட்டுவிட்டார். காலை எட்டு மணிக்கு பந்தல்குடியிலிருந்து என் சின்ன மாமனார் மாலையோடு வந்து இறங்கினார். வாசலில் நின்று, உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருன்னு வெவரமாச் சொல்லல. வெறுங்கையோட வரக் கூடாதேன்னு வாங்கியாந்தேன்" என்றார்.

மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது... ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று கிலோமீட்டர் தாண்டியதும், யாராவது வண்டியை நிறுத்த மாட்டார்களா என்று என் மனசே ஏங்க ஆரம்பிக்கும். நிறுத்தினால் போதும். 'மரியாதைக்கு நின்னு பதில் சொல்லணுமே' என்று ஒரு சாக்கு கிடைத்துவிடும். நாலாவது கிலோமீட்டரை ஆறு தடவை தொட்டிருக்கிறேன். ஆறு தடவையும் அடுத்தவர் பாசத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றிருக்கிறேன். பாவம், அவர்களுக்கு இது தெரியாது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை பிறந்தநாள். இன்றைக்கு நின்றால் அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டுதான் வாசற்படி இறங்கினேன்.

மூன்றாவது கிலோமீட்டரில், ரோட்டில் குதிரைவாலிக் கதிரைப் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று ஒரு விவசாயி காத்திருந்தார். தினமும் என்னைப் பார்க்கிறவர். "அக்கா, ஓடுறது ஓடுறீக, இதுமேல நாலு நடை ஓடிட்டுப் போங்க" என்றார். சிரித்தேன். நிற்கவில்லை.

நாலு தாண்டியது. வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் மோட்டார் ஓடியது. கண்மாய்க் கரை வளைவில் திரும்பினேன், தூரத்தில் அந்த பஸ் ஸ்டாப் தெரிந்தது... பின்னால் ஹாரன். டவுன் பஸ். என் பக்கத்தில் வந்து மெதுவாகிவிட்டது.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார். "அக்கா, ஏறுங்க. லேடீஸுக்கு டிக்கெட்டே கெடையாதுல்ல, பெறகு என்னத்துக்கு ஓடுறீக?"

பதில் சொல்ல மூச்சு வேண்டுமே. கையை ஆட்டினேன்.

ஜன்னலோரம் காலிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஏந்தாயி, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல... சும்மா."

"சும்மாவா?"

பஸ்ஸில் இருந்த தலையெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியது. நின்று விளக்கம் சொல்லிவிடலாமா? கால் கெஞ்சியது. இது ஏழாவது தடவை. படியில் உட்கார்ந்து சோடா குடித்தவள்தானே நீ, என்று எனக்குள்ளேயே ஒருத்தி ஏளனம் பண்ணினாள். எனக்குக் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முக்கி முக்கி, மூன்று வார்த்தை சொன்னேன்.

"நின்னா... தோத்துருவேன்... தாயி."

அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ. உள்ளே திரும்பி, "டிரைவர் தம்பி, அவுக நிக்க மாட்டாகளாம். நீங்க பாட்டுக்கு மெதுவா உருட்டுங்க" என்றார்.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று ஒரு ஆம்பளைக் குரல்.

"ரெண்டு நிமிசம் பிந்திப்போனாக் குடியா முழுகிரும்? ஒரு பொம்பள இந்த ஓட்டம் ஓடுறா, பாத்துக்கிட்டு உக்காருங்க" என்று அந்த அம்மா அதட்டினார்.

பஸ் என்னோடு உருண்டு வந்தது. நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன். கை சுவரில் பட்டதும் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை உட்கார்ந்ததில் அவமானம் இல்லை. பூக்கார அம்மா ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கண்டக்டர், "அக்கா, ஜெயிச்சாச்சா?" என்றார். தலையை ஆட்டினேன். விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

ஐம்பத்திரண்டு நிமிஷம். வேகமாக நடக்கிறவர்கள் என்னை முந்திவிடுவார்கள். முந்தட்டுமே. அந்த ஆளில்லாத பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு என்னை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. பிள்ளை பரீட்சையில் பாஸானதற்குப் பெருமைப்பட்டிருக்கிறேன், கணவர் கடை வைத்ததற்குப் பெருமைப்பட்டிருக்கிறேன். எனக்காக நான் இதற்கு முன் பெருமைப்பட்ட ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அப்படித்தானே?

திரும்பும்போது ஒருவர் வண்டியை நிறுத்தி, "யாருக்கு என்னக்கா?" என்றார். எனக்குத்தான் என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் கொஞ்ச நேரம் என் ஷூவையே பார்த்தார். நான் குளித்துவிட்டு வந்தபோது துபாயில் இருக்கிற தன் தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாலே, அஞ்சு கிலோமீட்டரு. நிக்காம. ரூட்டு போட்டுக் குடுத்தது, டிரெய்னிங் குடுத்தது எல்லாம் நாந்தான்."

மதுரையில் நடக்கப்போகிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அப்போதே என் போனில் பெயர் கொடுத்தேன் - இரண்டு பேருக்கு.