எதிராளிகளாக ஆடியவள்

தங்கை டேபிள் டென்னிஸில் மாநில அணிக்குத் தேர்வாவதற்கு முந்தைய இரண்டு வாரம் நான் குண்டூர்ப் பெண்ணாக இருந்தேன். அதற்கு முன்பு நெல்லூர்க்காரி. திருப்பதியில் போட்டி நடக்கும்போது கேலரியில் உட்கார்ந்து, தங்கை அடுத்துச் சந்திக்கப்போகிறவள் பந்தை எப்படித் தூக்கிப் போடுகிறாள், எந்தக் காலை முதலில் நகர்த்துகிறாள் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். சித்தூர் திரும்பியதும் எங்கள் சர்ச் ஹாலில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அவளாகவே ஆடுவேன். தங்கை என்னைத் தோற்கடித்துப் பழகுவாள். அதுதான் என் வேலை.

நானும் ஆட்டக்காரிதான். கடைசியாக இருவரும் கலந்துகொண்ட திருப்பதிப் போட்டியில், காலிறுதியில் நாங்களே மோத வேண்டி வந்தது. நான் ஜெயித்தேன். திரும்பி வரும் பஸ் புத்தலப்பட்டைத் தாண்டியும் அவள் அழுகை ஓயவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "ரெண்டு பேரும் ஓடிக்கினு இருந்தா ஒருத்தி கால ஒருத்திதான் மிதிப்பீங்க. நீ பெரியவ. அவளுக்கு ஆடிக் குடு." அதோடு போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டேன். விட்டுக்கொடுத்தவள் என்று சபையார் மெச்சியது எனக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதன்பின் அவளுக்கு ஏறுமுகம்தான். தேசியப் போட்டி, வெளிநாட்டுப் பயணம், ஊரில் பாராட்டுக் கூட்டம். மாலை அவள் கழுத்தில், பை என் தோளில். பெருமையாக இருந்தது. பொறாமையும் இருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாள். தோள்பட்டை வலியால் ஆறு மாதமாக ஆடவில்லை. இனி ஆட முடியுமா என்று டாக்டர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் போனதும் என்னை ஹாலுக்கு அழைத்துப்போய் பேட்டைக் கையில் கொடுத்தாள்.

"அக்கா, அன்னிக்கி திருப்பதியில என்னிய ஜெயிச்ச இல்ல? அந்த ஆட்டத்த ஆடு. அதுக்கப்புறம் உன் ஆட்டத்த நான் பாக்கவே இல்ல."

பந்தைத் தூக்கிப் போட்டேன். போனது குண்டூர்ப் பெண்ணின் சர்வீஸ். தங்கை பந்தைப் பிடித்து என்னிடமே உருட்டிவிட்டாள். "இது அவளுது." அடுத்தது நெல்லூர்க்காரியுடையது. அதையும் உருட்டிவிட்டாள். "இதுவும் உன்னுது இல்லக்கா."

மூன்றாம் முறை பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்று எப்படி ஆடினேன்? எவ்வளவு யோசித்தும் கைக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"மறந்துபோச்சுடி."

"எனக்கு ஞாபகம் கீது," என்றாள். பந்தை வாங்கிக்கொண்டாள். வலிக்கிற தோளோடு, இடது காலைச் சற்றுப் பின்னால் வைத்து, நான் நின்றது போலவே நின்று சர்வீஸ் போட்டாள்.

என்னால் அதை எடுக்க முடியவில்லை.