மச்சினன் போட்ட ஆன்டிவைரஸ்

போன திங்கட்கிழமை ஆறுமுகநேரியிலிருந்து ஆத்தூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை. வேலை போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

என்ன குற்றம்? கம்ப்யூட்டரை வேகமாக ஓட வைத்தேன்.

உப்பு லாரிகளை எடை போடும் ஓர் எடைமேடையில் நான்கு மாதமாகச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன். படுக்கையும் அங்கேயே. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலை. லாரி மேடையில் ஏறும். கம்ப்யூட்டர் எடையைப் படிக்கும். நான் சீட்டை நீட்ட வேண்டும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் படிக்கவே நாலு நிமிஷம்...

"ஏலே, உப்பு கரைஞ்சு ஓடுன பொறவுதான் சீட்டு தருவியா?" என்பார்கள் டிரைவர்கள்.

உள்ளே மூன்று ஆன்டிவைரஸ்! முதலாளி அண்ணாச்சி கடைக் கதவுக்கே மூன்று பூட்டு போடுகிறவர். "ஒண்ண உடைச்சாலும் ரெண்டு இருக்கும்லா?" புதிது வாங்கும்போதெல்லாம் பழையதன் மேலேயே ஏற்றியிருந்தார். மூன்றும் ஒன்றையொன்று திருடனாக நினைத்து நாள் முழுக்கச் சோதனை போட்டுக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை லாரி குறைவு. ஒவ்வொன்றாக நீக்கி, லாரி ஏறியதிலிருந்து சீட்டு வரும்வரை செல்போனில் நேரம் பார்த்தேன்.

இலவசமாக வந்தது லேசு. 'ஏன் போகச் சொல்கிறீர்கள்?' என்று நாலு முறை அழுதுவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது கொஞ்சம் கனம். நீக்கிய பிறகும் பாதி உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதைத் துடைக்க அந்தக் கம்பெனியே தனியாக ஒரு டூல் தருகிறது. மூன்றாவதுதான் மெஷினை அமுக்கிக்கொண்டிருந்தது — நீக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. அண்ணாச்சியின் மச்சினன் தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். அவர் போட்டது.

மற்ற புரோகிராம் எதுவும் ஓடாத சேஃப் மோடில் அரை நாள் மல்லுக்கட்டி அதையும் எடுத்தேன். விண்டோஸோடு வந்த பாதுகாப்பை மட்டும் ஆன் செய்தேன். சீட்டு இருபது நொடியில் வந்தது. வாங்கிய டிரைவருக்கே நம்பிக்கையில்லை. "இது என் லாரி எடைதானாலே?"

திங்கட்கிழமை அண்ணாச்சி திரையின் மூலையை உற்றுப் பார்த்தார்.

"மச்சினன் போட்டது எங்கலே?"

"எடுத்துட்டேன் அண்ணாச்சி. இப்ப வேகத்தப் பாருங்க..."

"வேகம் கெடக்கட்டும். என் தம்பி போட்டத எடுத்து வீசிட்டியளான்னு வீட்டுல கேப்பா. நீ வந்து பதில் சொல்லுதியா?"

"திரும்பப் போட்டுருதேன்."

"நீ ஒண்ணும் போடாண்டாம். பையத் தூக்கு."

எத்தனை ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இப்படி யாருடைய மச்சினனையோ சுமந்துகொண்டு மூச்சு வாங்குகின்றன? அவற்றின் முன்னால் உட்கார்ந்திருப்பவன்தான் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறான்.

ஆத்தூர் நெருங்கும்போது போன் வந்தது. அந்த மச்சினனேதான்.

"பாஸ்வேர்டு இல்லாம எடுத்தது நீயாலே?"

"ஆமா." திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"என் கடைப் பயலுவளுக்கே அது தெரியாது. எடுக்கத் தெரிஞ்சவனுக்குப் போடவும் தெரியும்லா? நாளையிலருந்து எங்கிட்ட வா."

போனேன். வேறென்ன செய்ய?

மறுநாள் காலை அவர் அனுப்பிய முதல் இடம், ஆத்தூரில் ஒரு வெற்றிலைக் கமிஷன் மண்டி. அதே ஆன்டிவைரஸை ஏற்றி, பாஸ்வேர்டும் வைத்தேன். மண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதப் போட்டா மெஷின் ஸ்லோவாயிராதே?"

"ஆகாது அண்ணாச்சி" என்றேன்.