காஜா பாய் நனைத்துவைத்த கிரவுண்டு

சொட்… சொட்… சொட்…

ஏசியிலிருந்து பெயிண்ட் டப்பாவில் தண்ணீர் விழும் சத்தம். அரபு நாட்டில் நான் வேலை பார்த்த ஜெபல் அலி கேம்பில் ஒவ்வொரு ரூம் ஜன்னலுக்குக் கீழேயும் ஒரு காலி டப்பா இருக்கும். குளிக்கவோ துவைக்கவோ இல்லை. வெள்ளிக்கிழமை வாலிபால் கிரவுண்டில் ஊற்றுவதற்கு.

அமெரிக்காவில் படிக்கும் பேரன் நேற்று போனில் ஒரு விஷயம் சொன்னான். அப்போதிலிருந்து அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை டைப் அடிக்கிறாள்.

எங்களுடையது கட்டட வேலைக்காரர்கள் கேம்ப். எதிரே வேர்ஹவுஸ் ஆட்களின் கேம்ப். நடுவில் ரோடு, அதை ஒட்டிக் கொஞ்சம் மணல். வலையின் ஒரு முனை விளக்குக் கம்பத்தில், மறுமுனை தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலில். அந்தப் பக்கத்தில் ஆறு கேம்ப் சேர்ந்து ஒரு லீக் நடத்தினோம். ஆனால் எங்களுக்கு மேட்ச் என்றால் எதிர் கேம்போடு ஆடுவதுதான். மற்றதெல்லாம் ஒப்புக்கு.

இரண்டு கேம்புக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவர்கள் அடுத்த வெள்ளி காலையில் மணலை நனைக்க வேண்டும். ஜெயித்தவர்கள் பல் தேய்த்துக்கொண்டே வந்து வேடிக்கை பார்ப்போம்.

"காஜா பாய், அந்த மூலை காஞ்சு கெடக்கு. நல்லா ஊத்துங்க."

"ஊத்துறேன்டா. சாயங்காலம் ஒங்க கண்ணுல தண்ணி வரும்ல, அதையும் சேத்து ஊத்திக்கலாம்."

காஜா பாய் அவர்களுடைய கேப்டன், கீழக்கரைக்காரர். எங்கள் கேப்டன் மேஸ்திரி செல்வராஜ் அண்ணன், பட்டுக்கோட்டைப் பக்கம்.

நான் ஆடியதில்லை. ஆனால் எந்த வெள்ளி யார் எத்தனை பாயிண்ட், யார் அடித்த சர்வீஸ் வலையில் விழுந்தது, எல்லாம் என் தலையில் இருக்கும். நோட்டு கிடையாது. தகராறு வந்தால் "முத்துவக் கேளு" என்பார்கள். நான் சொல்லிவிட்டால் கலாஸ், பேச்சு முடிந்தது.

அதுதான் வினையாகப் போயிற்று…

ஒரு குளிர்காலத்தில் பேச்சு கிளம்பியது. அஜ்மான் பக்கத்து லீக்கைப் பெரிதாக்கப் போகிறார்களாம். எங்கள் ஆறு டீமில் ஒன்றை மட்டும் எடுப்பார்களாம். கோப்பை ஆள் உயரமாம். மிச்சமுள்ள லீக் கலைந்துவிடுமாம். மெஸ்ஸில், பஸ்ஸில், பாத்ரூம் வரிசையில் இதே பேச்சு. யாரும் யாரிடமும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த வாரம் காஜா பாய் டீம் எங்களிடம் தோற்றிருந்தது. இரண்டு நாள் கழித்து, தைக்கக் கொடுத்த பேண்டை வாங்க சத்வா கடைத்தெருவுக்குப் போனேன். டெய்லர் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் காஜா பாய். கூடவே அஜ்மான் லீக்கை நடத்துகிற பாபு. பாபு ஏதோ சொன்னான். காஜா பாய் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினார்.

நான் கூப்பிடவில்லை. நேரே கேம்புக்கு வந்து செல்வராஜ் அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, முடிஞ்சு போச்சு. அவங்க போறாங்க."

"பேசுனதக் கேட்டியா?"

"கேக்கல. கண்ணால பாத்தேன்."

"அப்ப நாம முந்திக்கணும்" என்றார். உடனே பாபுவுக்குப் போன் போட்டார். பாபு எங்களை எடுத்துக்கொண்டான்.

அந்த வெள்ளியே அஜ்மானில் முதல் மேட்ச். காலையில் கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பியது. நான் ஜன்னலோரம்.

கிரவுண்டு நனைந்து கிடந்தது.

எப்போதும் காய்ந்து கிடக்கிற அந்த மூலைகூட நனைந்திருந்தது. காஜா பாய் காலி டப்பாவோடு நின்றார். எங்கள் பஸ்ஸைப் பார்த்ததும் "எங்கே?" என்பதுபோல டப்பாவை ஆட்டினார்.

விட்டுப் போகிறவன் எதற்குத் தண்ணீர் ஊற்றுகிறான்?

செல்வராஜ் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். டிரைவரிடம் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை…

அஜ்மானில் மூன்று வெள்ளி ஆடினோம். நாலாவது வெள்ளி, அவ்வளவு தூரத்துக்கு பஸ் மாஃபி, கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. பழைய லீக்கில் எங்கள் இடத்துக்கு வேறு கேம்ப் வந்திருந்தது. சும்மாவாவது ஆடலாம் என்று கேட்டுப் பார்த்தோம். "ஓடுன டீமோட ஆட மாட்டோம்" என்று காஜா பாயின் ஆட்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் மட்டும் போய் அவரிடம் சத்வாவில் பார்த்ததைச் சொன்னேன்.

"பாபு கூப்டான்தான். எதிர் கேம்ப் இல்லாம நாங்க வந்து யாரோட ஆடுறதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஏன்டா முத்து, ரோட்டத் தாண்டுனா நான் இருக்கேன். வந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

கொஞ்ச நாளில் எங்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

நேற்று பேரன் சொன்னதும் இதே கதைதான். காலேஜ் டீம்கள் சேர்ந்து ஆடுகிற கூட்டத்துக்கு அங்கே கான்ஃபரன்ஸ் என்று பேராம். இவன் காலேஜ் அதை விட்டு வேறு கான்ஃபரன்ஸுக்குப் போகலாமாம். அங்கே இன்னும் நாலு காலேஜைச் சேர்க்கலாமாம். எல்லாம் யூகம். பக்கத்து ஊர்க் காலேஜோடு வருஷா வருஷம் நடக்கிற மேட்ச் மட்டும் நின்றுபோகும்.

"அவங்க ஃபர்ஸ்ட் போயிடுவாங்கன்னு ரூமர், தாத்தா. அதான் நாங்க மூவ் பண்றோம்."

"அவங்கள யாராச்சும் கேட்டீங்களாப்பா?"

"ஐயோ தாத்தா, அது அப்படி இல்ல" என்று சிரித்தான். டிவிக்காரன், கோடி என்று என்னென்னவோ சொன்னான். இருக்கலாம்.

நான் இப்போது அந்த அஜ்மானில்தான் இருக்கிறேன், மகன் வீட்டில். வெள்ளிக்கிழமை லீவுகூட சனி ஞாயிறுக்குப் போய்விட்டது. ஏசித் தண்ணீர் சத்தமில்லாமல் குழாயில் இறங்கிப் போகிறது.

இன்று காலை பால்கனியில் அந்தக் குழாய் கசிந்தது. கீழே ஒரு டப்பா வைத்தேன். "மாமா, ஆள் வந்து சரி பண்ணிடுவாங்க" என்றாள் மருமகள்.

இருக்கட்டும் என்றேன். ஆட வராத டீம் தோற்ற டீம்… அதுதான் எங்கள் கணக்கு. அந்த வெள்ளி நாங்கள் வரவில்லை.

அடுத்து மணலை நனைப்பது எங்கள் முறை. டப்பா நிறைந்துவிட்டது.